ஒரு சிட்டிகை சாம்பிராணி

பத்து வயதில் எனக்குத் தூபக்கலசம் ஆட்டும் வேலை கிடைத்தது. பீடச் சிறுவர்களுக்குள் அதைவிடப் பெரிய பொறுப்பு கிடையாது. கரித்துண்டைப் பற்றவைத்து, ஓரத்தில் சாம்பல் பூத்து நடுவில் சிவக்கும்வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சரியாகச் சிவக்காத கரியில் சாம்பிராணியைப் போட்டால் உருகிப் பிசுபிசுத்து அணைந்துவிடும். குருவானவர் பக்கம் போய் நின்று, நடுச் சங்கிலியை இழுத்து மூடியைத் தூக்கிப் பிடித்தால், சிமிழிலிருந்து சின்னக் கரண்டியால் மூன்று முறை எடுத்துப் போடுவார். அப்புறம் மூடியை இறக்கிவிட்டு அளவாக ஆட்ட வேண்டும். முதல் நாள் நான் ஆட்டிய வேகத்தில் கரி எகிறிக் கம்பளத்தில் விழுந்தது. எங்களைப் பழக்கிய உபதேசியார் ஓடிவந்து மிதித்து அணைத்துவிட்டு, காதோரம் சொன்னார்: “மெதுவா ஆட்டுடா. உனக்காகவா போடுறோம்?”

அந்தக் கேள்வி மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைத் தியானத்தில் திரும்ப வந்தது.

கோவிலில் விளக்குகளைக் குறைத்திருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு கிண்ணத்தில் மண், ஒன்றில் தண்ணீர், நடுவில் சின்னத் தீச்சட்டி. வழிநடத்த வந்தவர் நல்ல குரல் உடையவர், பொறுமையாகப் பேசினார். எல்லோரும் எழுந்து நாலு திசைகளுக்கும் ஒவ்வொன்றாகத் திரும்பி நிற்கச் சொன்னார். கிழக்கைப் பார்த்து, “கிழக்கின் ஆற்றலே, எங்களிடம் வா” என்று அவர் சொல்ல, நாங்கள் திரும்பச் சொன்னோம். தெற்கு, மேற்கு, வடக்கு. பிறகு உள்ளங்கைகளைத் தரையை நோக்கித் தாழ்த்தி, மண்ணின் ஆற்றலை உள்வாங்கச் சொன்னார். வாசல் பக்கம் திரும்பிய நேரத்தில் ஆண்டவரின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பம் இருக்கிற நற்கருணைப் பேழைக்கு நாங்கள் அத்தனை பேரும் முதுகு காட்டி நின்றோம். பேழைக்குப் பக்கத்தில் எரியும் சிவப்பு விளக்கின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் லேசாகத் தெரிந்தது. வாசலை நோக்கி எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு மூதாட்டி மட்டும் திரும்பவில்லை. கையில் செபமாலையோடு பீடத்தைப் பார்த்தபடியே நின்றார். அவர் கண்கள் நேராக என்மேல் பட்டன. எனக்கு வெட்கமாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் பங்குத் தந்தையிடம் போனேன். “ஃபாதர், கிழக்கின் ஆற்றல்னு கூப்பிட்டோமே, அது யாரு?” என்று கேட்டேன். என் கேள்வியில் கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினேன். அவர் தோளில் தட்டிக்கொடுத்து, “எல்லாம் ஒரு குறியீடுதானே. மனசு அமைதியாச்சா இல்லையா? அதுல என்ன தப்பு?” என்றார்.

அதில் என்ன தப்பு? இதே வார்த்தையை இதற்கு முன் எங்கோ படித்திருக்கிறோமே என்று வீட்டுக்கு வந்த பிறகும் குடைந்துகொண்டே இருந்தது. இரவில்தான் நினைவு வந்தது. சுமார் 155ஆம் ஆண்டு, ஸ்மிர்னா நகரம். முதியவரான ஆயர் போலிகார்ப்பைக் கைதுசெய்து கொண்டுபோகிறார்கள். காவல் தலைவன் ஏரோதும் அவன் தகப்பன் நிக்கேத்தும் அவரைத் தங்கள் வண்டியில் ஏற்றி, பக்கத்தில் உட்காரவைத்து, நல்லவிதமாகவே பேசுகிறார்கள். ‘சீசரே ஆண்டவர்’ என்று சொல்லித் தூபம் போட்டு உயிர் பிழைத்துக்கொள்வதில் என்ன தப்பு என்று கேட்கிறார்கள். முதலில் அவர் பதில் பேசவில்லை. விடாமல் கேட்டபோது, நீங்கள் சொல்வதை நான் செய்யப்போவதில்லை என்றார். வண்டியிலிருந்து அவரைத் தள்ளி இறக்கியதில் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. அதைக் கவனிக்காமலே விறுவிறு என்று நடந்தார் என்று அவருடைய சபையார் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவர்கள் கேட்டது எவ்வளவு சின்ன விஷயம் பாருங்கள். சுமார் 112இல் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்திலும் இதுதான் சோதனை: பேரரசரின் சிலைக்கு முன்னால் தூபமும் திராட்சை மதுவும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்துவிட்டால் விடுதலை. 250இல் பேரரசர் டீசியஸ் ஆட்சியில் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. ‘நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் செலுத்தினேன்’ என்ற வாசகமும், கீழே சாட்சிக் கையெழுத்தும் அவற்றில் உண்டு. தூபம் மட்டும் போட்டுத் தப்பித்தவர்களுக்குத் திருச்சபையில் தனிப்பெயரே இருந்தது. அவர்கள் திரும்பி வர நெடுங்காலம் தவம் செய்ய வேண்டியிருந்தது.

இங்கேதான் என் போன்றவர்கள் நின்று யோசிக்க வேண்டும். டீசியஸுக்குப் பிறகு ஏறக்குறைய 130 ஆண்டுகள் கழித்து எகேரியா என்ற பெண் எருசலேமுக்குத் திருப்பயணம் போனார். ஞாயிறு விடியுமுன் ஆண்டவர் உயிர்த்த குகைக்குள் தூபக்கலசங்களைக் கொண்டுபோவதையும், பேராலயம் முழுக்க மணம் நிறைவதையும் தன் பயணக் குறிப்பில் எழுதுகிறார். எந்தப் பொருளைப் போட மறுத்து நம் முன்னோர் செத்தார்களோ, அதே பொருள் இப்போது கல்லறையின் வாசலில் புகைகிறது. பத்து வயதில் என் கையில் இருந்ததும் அதேதான். அப்படியானால் போலிகார்ப் வீணாக இறந்தாரா? இல்லை, எகேரியாவின் காலத்துச் சபை அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டதா?

406இல் புனித ஜெரோமுக்கு இந்தக் கேள்வி வேறு உருவில் வந்தது. விஜிலான்சியுஸ் என்ற குரு, பகல் வெளிச்சத்தில் மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின், கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது அப்பட்டமான புறச்சமய வழக்கம் என்று எழுதினார். ஜெரோம் ஒரே இரவில் உட்கார்ந்து பதில் எழுதினார். கோபக்காரர்; அந்தப் பதிலில் வசை அதிகம். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது. சிலைகளுக்குச் செய்யப்பட்டபோது அது வெறுக்கத்தக்கது, மறைசாட்சிகளுக்குச் செய்யப்படும்போது ஏற்கத்தக்கது என்கிறார். எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறுக்கவே இல்லை. யாருக்கு ஏற்றுகிறோம் என்று கேட்கிறார். உபதேசியார் என்னிடம் கேட்டதும் அதைத்தான்.

நம் தரப்பில் பலருக்கு இந்த இடம் பிடிபடுவதில்லை. வழிபாட்டுக்குள் புறச்சமயம் நுழைகிறது என்று கவலைப்படுகிறவர்கள், ஒவ்வொரு பொருளின் பூர்வீகத்தையும் தோண்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற போதகர் 1853இல் ஒரு சிறு நூல் எழுதி, 1858இல் அதைப் பெரிதாக்கினார். கத்தோலிக்க வழிபாட்டில் உள்ள எல்லாமே பழைய பாபிலோனிலிருந்து வந்தவை என்பது அவர் வாதம். நூறு ஆண்டுக்கு மேல் அது கையிலிருந்து கைக்குப் போயிற்று. அதை நம்பி ரால்ஃப் உட்ரோ என்ற அமெரிக்கப் போதகர் 1966இல் தானும் ஒரு நூல் எழுதினார், நன்றாக விற்றது. பின்னாளில் மூல ஆதாரங்களைத் தேடிப் போனபோது, ஹிஸ்லப்பின் இணைப்புகள் பல நிற்கவில்லை. ஒன்றைப் போல இன்னொன்று இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்று வந்ததாக ஆகிவிடாது என்று கண்டுகொண்டார். விற்றுக்கொண்டிருந்த தன் நூலைத் தானே நிறுத்திவிட்டு, 1997இல் அதை மறுத்து வேறு நூல் எழுதினார். எங்கள் சபையைத் திட்டியவர்தான். ஆனாலும் அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. பொய்ச் சாட்சியை வைத்துக் கடவுளின் மாட்சியைக் காக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

டிசம்பர் 25 விஷயமும் இப்படித்தான். சூரியக் கடவுளின் பிறந்தநாளைத் திருச்சபை எடுத்துக்கொண்டது என்று எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்கள். 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரே ரோமானிய ஆவணத் தொகுப்பில் ‘வெல்லப்படாதவனின் பிறந்தநாள்’ என்பதும் இருக்கிறது, பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்பதும் இருக்கிறது. எது முந்தியது என்பதை அந்த ஆவணம் சொல்லவில்லை. இந்தச் சந்தேகத்தைக் கடைசிவரை கொண்டுபோனவர்களும் உண்டு: இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸையும் உயிர்ப்பு விழாவையும் நீக்கியது. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம்.

மேளம், கிதார் பற்றி நீளமாகச் சண்டை போடுகிறோமே, அதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் புனிதமாக நினைக்கும் ஆர்கன் ரோமானிய அரங்குகளில் வாள்வீரர்கள் மோதும்போது வாசிக்கப்பட்ட கருவி. 757இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் அதை அரசர் பெப்பினுக்குப் பரிசாக அனுப்பினார், பிறகு மெல்ல மேற்கத்தியக் கோவில்களுக்குள் வந்தது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் இன்றும் அதை உள்ளே விடுவதில்லை. கருவியைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, யாருக்கு என்பதுதான் கேள்வி என்றால், பங்குத் தந்தை சொன்னதும் சரிதானே? நல்ல நோக்கம் இருந்தால் போதுமே? இப்படிக் கேட்கிறவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது, 601இல் திருத்தந்தை பெரிய கிரகோரி, இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த மெல்லித்துஸுக்கு எழுதிய கடிதத்தை. அங்குள்ள புறச்சமயக் கோவில்களை இடிக்க வேண்டாம், மக்கள் பழகிய இடத்துக்கே வந்து உண்மைக் கடவுளை வணங்கட்டும் என்று அதில் இருக்கிறது. உயரமான இடத்துக்கு ஏறுகிறவன் தாவிப் போவதில்லை, படிப்படியாகத்தான் ஏறுகிறான் என்றும் சொல்கிறார். எனக்கும் பிடித்த கடிதம் அது. ஆனால் மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிடுகிற ஒரு சொல் அதில் இருக்கிறது: கோவிலை இடிக்காதே, உள்ளே இருக்கிற சிலைகளை அழித்துவிடு. தண்ணீர் மந்திரித்துத் தெளி, பீடம் கட்டு, புனிதர்களின் அருளிக்கங்களை, அதாவது அவர்கள் உடலின் எச்சங்களை, வை. முகவரி முழுதும் மாறிய பிறகுதான் அந்தச் சுவர்கள் ஏற்கப்பட்டன. சில வாரங்களுக்கு முன் அரசர் எத்தல்பெர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் அவர் இன்னும் கடுமையாகவே பேசியிருந்தார்.

நோக்கம் மட்டும் போதாது என்பதை எனக்குப் புரியவைத்தவர் திருத்தந்தை பெரிய லியோ. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு கிறிஸ்து பிறப்பு மறையுரையில் ஒரு காட்சியைச் சொல்கிறார். விடியற்காலையில் புனித பேதுரு பேராலயத்துக்கு வருகிற கிறிஸ்தவர்கள் படிகளெல்லாம் ஏறி மேல்தளத்துக்கு வந்ததும், உள்ளே போவதற்கு முன் அப்படியே திரும்பி நின்று, உதிக்கிற சூரியனுக்குத் தலை வணங்குகிறார்கள். பேராலயத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு! லியோ மனம் நொந்து பேசுகிறார். அவர்களுக்காக அவரே ஒரு சாக்கும் சொல்லிப் பார்க்கிறார்: சிலர் ஒளியை வணங்காமல் ஒளியைப் படைத்தவரை வணங்கக்கூடும். ஆனாலும் அந்தச் சாயலே வேண்டாம் என்கிறார். காரணம்தான் என்னைத் தைத்தது. பழைய தெய்வங்களை விட்டுவிட்டு இப்போதுதான் நம்மிடம் வந்த ஒருவர் இதைப் பார்த்தால், தான் விட்டுவந்ததில் இந்தப் பகுதி சரிதான் என்று நினைத்துக்கொள்ள மாட்டாரா?

இதைப் படித்தபோது வாசல் பக்கம் திரும்பி நின்ற எங்கள் கூட்டம் கண்முன் வந்தது. எங்களில் ஒருவரும் திசைத் தெய்வங்களை வணங்க நினைக்கவில்லை. ஆனால் அன்று கடைசி வரிசையில் திருமுழுக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு இளைஞர் இருந்தார். எதை விட்டுவிட்டு எங்களிடம் வந்தாரோ, அது திரும்ப அவர் முன்னாலேயே நடந்தது. அவருக்கு நாங்கள் என்ன விளக்கம் கொடுத்தோம்? ஒன்றும் கொடுக்கவில்லை.

பழைய செபப் புத்தகங்களில் ‘அஞ்ஞானிகள்’ என்று ஒரு சொல் வரும். பிறரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் ‘புறச்சமயம்’ என்று எழுதுகிறேன். தன் தெய்வத்தைத் தன் கோவிலில் தன் முறைப்படி வணங்குகிறவரோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. தான் யாரைக் கும்பிடுகிறோம் என்று அவருக்குத் தெரியும். எங்கள் பீடத்தின் முன்னால் எங்களுக்கே அது தெரியாமல் போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2019இல் நடந்ததைப் பார்த்தபோது இந்தப் பயம்தான் வந்தது. அமேசான் ஆயர் மாமன்றத்தை ஒட்டி, அக்டோபர் 4 அன்று வத்திக்கான் தோட்டத்தில் ஒரு நிகழ்ச்சி. தரையில் விரித்த துணியில் கருவுற்ற பெண்ணின் மரச்சிற்பங்களும் வேறு பொருள்களும் இருந்தன; சுற்றி மண்டியிட்ட சிலர் நெற்றி தரையில் படக் குனிந்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ், தயாரித்து வைத்திருந்த உரையை வாசிக்காமல், ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ செபத்தை மட்டும் சொன்னார். அந்தச் சிற்பம் யார்? ஒரு பெண் அதை அமேசானின் அன்னை என்றார். வத்திக்கான் தகவல் தொடர்புத் துறைத் தலைவர் வாழ்வின் அடையாளம் என்றார். திருத்தந்தையே பிறகு பேசும்போது பச்சமாமா என்ற பெயரைப் பயன்படுத்தினார். ஆண்டிஸ் மக்கள் பூமித்தாயைக் கூப்பிடும் பெயர் அது. சிலை வழிபாட்டு நோக்கம் இல்லாமல் வைக்கப்பட்டவை என்றும் சொன்னார்; அதை நான் நம்புகிறேன். என்னைக் கலங்கடித்தது வேறு. மண்டியிடுவது நம் உடலால் நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய வழிபாட்டுச் செயல். நெற்றி தரையில் பட்ட பிறகு, இது யாருக்கு என்று மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள்.

அந்தச் சிற்பங்கள் பிறகு ஒரு கோவிலில் வைக்கப்பட்டிருந்தன. அக்டோபர் 21 விடியற்காலையில் ஆஸ்திரிய இளைஞர் ஒருவர் அவற்றை எடுத்துப்போய் சந்த் ஏஞ்சலோ பாலத்திலிருந்து டைபர் நதியில் தள்ளினார். நம் தரப்பில் பலர் அவரைக் கொண்டாடினார்கள். அந்த இளைஞரின் பற்று எனக்குப் புரிகிறது, ஆனால் செயலை என்னால் ஏற்க முடியவில்லை. சுமார் 305இல் ஸ்பெயினின் எல்விரா சங்கம் ஒரு சட்டம் வகுத்தது: சிலைகளை உடைக்கப்போய் அங்கே கொல்லப்பட்டவரை மறைசாட்சிகள் பட்டியலில் சேர்க்கக் கூடாது. நற்செய்தியில் அப்படி எழுதியில்லை, திருத்தூதர்கள் காலத்தில் அப்படி நடந்ததில்லை என்பது காரணம். புறச்சமயம் ஆட்சியில் இருந்த காலத்திலேயே ஆயர்கள் இப்படிச் சொன்னார்கள். பழைய ஏற்பாட்டில் எசேக்கியா அரசர் மோசேயின் வெண்கலப் பாம்பை உடைத்தார் என்றால், அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. அந்தப் பாம்பு எவ்வளவு புனிதமான பூர்வீகம் உடையது என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. கடவுளே செய்யச் சொன்னது, பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். ஆனால் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியதும் அது உடைக்கப்பட வேண்டியதாயிற்று.

பாலைவனத்தில் இஸ்ரயேலர் செய்து வணங்கிய பொன் கன்றுக்குட்டியும் அப்படித்தான். ‘நாளை ஆண்டவருக்கு விழா’ என்றுதான் மோசேயின் அண்ணன் ஆரோன் அறிவித்தார், வேறு தெய்வத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆண்டவரின் பெயரிலேயே நடந்தது அந்தத் தவறு. 1991இல் கான்பெராவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் ஏழாவது பேரவையில் கொரிய இறையியலாளர் சங் ஹியுன் கியுங் நிகழ்த்திய உரையைப் படித்தால் எனக்கு ஆரோனின் நினைவு வரும். தூய ஆவியே வாரும் என்பது பேரவையின் தலைப்பு. அவர் ஆபிரகாம் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட அடிமைப்பெண் ஆகாரில் தொடங்கி, வரலாற்றில் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் ஆவிகளையும், அழிக்கப்பட்ட காட்டின் ஆவியையும் பெயர் சொல்லி அழைத்து, பட்டியல் எழுதிய தாளை எரித்தார். கொல்லப்பட்டவர்களுக்காக அவர் அழுதது நியாயமான அழுகை. நாம் அதைக் கேட்க மறுத்தால் அது நம் பாவம். ஆனாலும் இறந்தவர்களுக்காகச் செபிப்பதும், அவர்களின் ஆவிகளே வாருங்கள் என்று அழைப்பதும் ஒன்றாகிவிடாது. ஆர்த்தடாக்ஸ் பிரதிநிதிகள் தூய ஆவியையும் வேறு ஆவிகளையும் குழப்பக் கூடாது என்று அந்தப் பேரவையிலேயே அறிக்கை கொடுத்தார்கள்.

உள்ளூர்ப் பண்பாட்டை வழிபாட்டில் சேர்க்கும் பண்பாட்டுமயமாக்கலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1963இல் வெளிவந்த, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சட்டம், மூடநம்பிக்கையோடும் தவறோடும் பிரிக்க முடியாமல் பிணைந்திராத எதையும் திருச்சபை பரிவோடு பார்க்கும் என்கிறது. பிணைப்பு பிரிகிறதா என்று பார்க்க ஆண்டுகள் பிடிக்கும், சில நேரம் நூற்றாண்டுகள். சீனக் கிறிஸ்தவர்கள் முன்னோருக்கும் கன்பூசியஸுக்கும் செய்த மரியாதைகள் வழிபாடா, குடிமை மரபா? அங்கே மறைப்பணி செய்த மத்தேயு ரிச்சியும் அவர் வழிவந்த இயேசு சபையினரும் குடிமை மரபு என்றார்கள். ரோமைத் திருப்பீடம் 1704இலும் 1715இலும் அவற்றைத் தடுத்தது. பேரரசர் காங்ஷி கோபம்கொண்டு 1721இல் மறைப்பணியையே தடைசெய்தார். 1742இல் ரோமையின் தடை இன்னும் இறுகியது. 1939இல்தான், அந்தச் சடங்குகள் அப்போது குடிமை மரியாதையாகவே இருக்கின்றன என்று கண்டு அனுமதி வந்தது. இடையில் எத்தனை குடும்பங்கள் தவித்திருக்கும்! அந்த விலையை நினைக்காமல் பாரம்பரியத்தைப் பற்றி நாம் பேசக் கூடாது. ஆனால் தடுத்தவர்களும் அனுமதித்தவர்களும் கேட்டது ஒரே கேள்வியைத்தான். எங்கள் தியானத்தில் அதை யாரும் கேட்கவே இல்லை.

இன்னொரு பக்கம் இருக்கிறது; அதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. புறச்சமயத்தார் செபிக்கிற விதத்தைப் பற்றி ஆண்டவர் மலைப்பொழிவில் வெளிப்படையாகவே பேசுகிறார். சிலையைப் பற்றியோ தூபத்தைப் பற்றியோ அங்கே ஒரு சொல் இல்லை. அவர்களைப் போலப் பிதற்ற வேண்டாம், வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனால் கேட்கப்படும் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் ‘அலப்பாதேயுங்கள்’ என்று இருக்கும். கடவுளை எப்படியாவது அசைத்துவிடலாம், ஒரு தொகைக்கு ஒரு வரம் என்று ஒப்பந்தம் போடலாம் என்ற எண்ணத்தை அவர் புறச்சமயம் என்று அடையாளம் காட்டுகிறார் என்று எனக்குப் படுகிறது. பழைய ரோமானியப் பலிபீடக் கற்களில் நான்கு எழுத்துகள் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன: வி, எஸ், எல், எம். நேர்ந்துகொண்டதை மனமுவந்து, தகுதியறிந்து செலுத்தினேன் என்பது பொருள். தெய்வம் கொடுத்தது, நான் கணக்கைத் தீர்த்தேன் என்று கல்லில் வெட்டிய ரசீது.

இப்போது ‘விசுவாச விதை’ என்று பணம் கேட்கிற மேடைகளைப் பாருங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் ஓரல் ராபர்ட்ஸ் பரப்பிய சொல் அது. இவ்வளவு கொடு, இத்தனை மடங்காகத் திரும்ப வரும் என்கிற அந்த மேடையில் ஒரு சிலைகூட இருக்காது. இதைச் சொல்லிவிட்டு என் சொந்த இருக்கையைப் பார்க்கிறேன். போன மாதம் அதே கோவிலில் முழந்தாள்படியிட்டபோது, செபப் புத்தகங்களுக்கு நடுவில் மடித்த காகிதம் ஒன்று கிடைத்தது. புனிதர் ஒருவரின் செபம். அடியில், ஒன்பது நாள் சொல்லி ஒன்பது பிரதி எடுத்துக் கோவிலில் வைக்க வேண்டும், இது ஒருபோதும் தவறியதில்லை என்று எழுதியிருந்தது. நகல் எடுத்து நகல் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போயிருந்தது. எத்தனையோ கைகள் மாறி வந்திருக்கிறது. யாருக்கு என்ன கஷ்டமோ. அதை வைத்துப் போனவர் நிச்சயம் என்னைப் போல லத்தீன் திருப்பலியும் தூபமும் பிடித்தவர்களில் ஒருவராகத்தான் இருப்பார். காகிதத்தை அங்கேயே விட்டுவிட மனம் வரவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த ஆள் யாராக இருந்தாலும் அவருக்காகச் செபித்தேன்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் புனித அகஸ்டினின் தாய், புனித மோனிக்கா. ஆப்பிரிக்காவில் பழகிய வழக்கப்படி, மிலானிலும் மறைசாட்சிகளின் கல்லறைக்குக் கூழும் ரொட்டியும் திராட்சை மதுவும் கூடையில் எடுத்துக்கொண்டு போகிறார். ஒரே ஒரு சின்னக் கிண்ணம். அதில் தண்ணீர் கலந்த மது. வாயில்காவலர் தடுத்துவிடுகிறார். ஆயர் அம்புரோஸ் தடைசெய்திருக்கிறார், புறச்சமயத்தார் இறந்த மூதாதையருக்குச் செய்வதைப் போலவே இது இருக்கிறது என்பது ஒரு காரணம். அந்தத் தாய்க்கு வயது ஐம்பதைக் கடந்திருக்கும். வாழ்நாளெல்லாம் செய்த வழக்கம், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதில் என்ன தப்பு என்று கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. கேட்கவில்லை. கூடையோடு திரும்பிப் போனார். அதன் பிறகு கல்லறைக்குச் செபத்தோடு மட்டும் வந்தார், முடிந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார். அம்புரோஸைத் தவிர வேறு யார் சொல்லியிருந்தாலும் தன் தாய் அவ்வளவு எளிதில் விட்டிருக்க மாட்டார் என்று அகஸ்டின் எழுதுகிறார். தடுத்தவர்மேல் அவ்வளவு அன்பு இருந்தது.

இந்த வரியைப் படித்த பிறகு நான் பங்குத் தந்தைக்குக் கடிதம் எழுதினேன். முன்பே இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டது, கோபமாக இருந்ததால். இந்த முறை மூன்று வரிதான். அடுத்த தியானத்தில் நாங்கள் கூப்பிடும் பெயர் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும், கடைசி வரிசையில் இருக்கிற தம்பிக்கும் தெரிய வேண்டும் என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நானும் யோசிச்சேன். அந்தப் பாட்டி திரும்பாம நின்னதை நானும் பாத்தேன்” என்றார். கடைசியில், “அடுத்த தடவை தொடக்கச் செபத்தை நீங்களே எழுதித் தாங்களேன்” என்றார்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் சொல்லில் சிக்கல் எதுவும் இல்லை, ‘தந்தையே’ என்று தொடங்கிவிட்டேன். அதற்குப் பிறகு மண்ணுக்கும் தண்ணீருக்கும் நெருப்புக்கும் நன்றி சொல்லி இருபது வரி வந்தது. அவரே படைத்தவை, அவருக்கே நன்றி. நேற்றிரவு படித்துப் பார்த்தேன், வார்த்தைகள் அதிகம். பேனாவை எடுத்து அடித்துக்கொண்டே வந்ததில் இப்போது ஏழு வரி மிச்சம் இருக்கிறது.